மறிச்சுச் சொன்ன எண்ணம்

புதுக் கைபேசி வாங்கியவர்களுக்குத் தெரியும். பழையதிலிருந்து பெயர்களை மாற்றும்போது செத்தவர், ஊரைவிட்டுப் போனவர், பேச்சு முறிந்தவர் எல்லாரும் ஒருமுறை வந்து நின்றுவிட்டுப் போவார்கள். போன வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் எனக்கு அப்படி வந்து நின்றது ‘அத்தான் ரூம்’ என்ற பெயர். கடைக்காரர் எட்டிப் பார்த்து, “இது பழைய கல்ஃப் லேண்ட்லைனாக்கும் சார், கிடைக்காது. அழிச்சிரட்டா?” என்றார். “கிடக்கட்டும்” என்றேன். அந்தப் பெயரைப் பார்த்ததுமே மூக்கில் ஏறியது எங்கள் கடற்கரை டெலிபோன் பூத்தின் வாடை.

ஆள் ஒருவர் நிற்கத்தான் அதில் இடம். கண்ணாடிக் கதவை அடைத்துவிட்டால் காற்று கிடையாது. ஊரார் தலையின் தேங்காய் எண்ணெயும் மீன் விற்றுவிட்டு வந்த கைகளின் ஈரமும் ரிசீவரில் ஊறி ஒரு மணமாகியிருக்கும். வெள்ளிக்கிழமை வளைகுடாவில் விடுமுறை. அன்று சாயங்காலம் பூத்துக்காரர் வாசலில் நின்று, “ஏட்டி ஜெஸிந்தா, போனு!” என்று கூவினால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். என் அக்கா கைக்காரியத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள். அந்தப் பக்கம் சகாயம் அத்தான். பேசிவிட்டு வந்தபிறகு வெகுநேரம் காதைக் கழுவமாட்டாள். அம்மா கேலி செய்வாள்: “மீன் நாத்தத்தோட வந்து நிக்கா, பாத்தியா. மாப்பிளைக்க மணமாம்!”

அத்தான் அங்கே ஓர் அரபியின் போட்டில் மீன்பிடிக்கப் போயிருந்தார். இரண்டாயிரத்து எட்டு வாக்கில், ஒரு பெருங்காற்றுக்குப் பிறகு அந்தப் போட்டு கரைக்கு வரவில்லை. ரூமில் கூடத் தங்கியிருந்தவர்தான் கூப்பிட்டுச் சொன்னார். பலகை ஒன்றும் ஒதுங்கவில்லை, உடம்பும் ஒதுங்கவில்லை. அதே போட்டில் போன மற்றவர்களின் வீடுகளில் ஒவ்வொன்றாக மரித்தோர் பூசை வைத்தார்கள். அக்கா வைக்கவில்லை. ஆன்ஸி அப்போது அவள் வயிற்றில் இருந்தாள்.

அக்கா ரூம் எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தாள். முதலில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ரூமை அரபி காலி செய்துவிட்டாராம். சில மாதம் கழித்து ஒருநாள் பூத்திலிருந்து வெளியே வந்தவளின் முகம் வெளிறிக் கிடந்தது.

“ஏலே, ஒரு பெண்ணு பேசுகா. வந்து கேளு.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அதனால் உலகத்து மொழிகள் எல்லாம் எனக்குத் தெரியும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்குமே கொஞ்சம் அப்படி ஒரு நினைப்பு உண்டு. ரிசீவரைக் காதில் வைத்தேன். மூன்று முறை கூவல் சத்தம். பிறகு ஒரு பெண் அரபியில் ஏதோ சொன்னாள். சின்ன இடைவெளி. பிறகு, பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதலுக்கு நிறுத்திச் சொல்வதுபோல, “அர்பா… கம்ஸா… சித்தா… இத்னேன்.” மறுபடியும் கூவல். மறுபடியும் அதே. ஒன்றும் விளங்காமல் படித்தவனைப்போலத் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

விளங்கியது மிக்கேல் அண்ணனுக்கு. அத்தானின் கூடப்பிறந்த மூத்தவர்; அவரும் வளைகுடாக் கடலில் இருந்து திரும்பியவர், அரபியில் மீன் எண்ணுவார். கேட்டுவிட்டு வந்து, “முதல்ல, இந்த நம்பர் இல்லேன்னு சொல்லுகா. பொறவு எண்ணம் சொல்லுகா. நாலு, அஞ்சு, ஆறு, ரெண்டு” என்றார். எங்கள் பக்கத்தில் எண்ணம் என்றால் எண்ணிக்கை. தமிழாசிரியர் சொல்லித்தந்த எண்ணம் வேறு என்பது எனக்கு எட்டாம் வகுப்பில்தான் தெரிந்தது.

“இல்லாத நம்பருக்கு எண்ணம் எதுக்கு மக்கா?” என்றார் மிக்கேல் அண்ணன்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். ஆழ்கடலில் நல்ல மீன் கிடக்கும் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, ஒன்றைக் கண்டுபிடித்தால், அதன் இடத்தை எண்ணாகத்தான் வைத்துக்கொள்வார்கள். இத்தனை டிகிரி வடக்கு, இத்தனை டிகிரி கிழக்கு. அதை வயர்லெஸ்ஸில் தம்பியின் போட்டுக்குச் சொன்னால் கடலில் இருக்கிற அத்தனை போட்டும் கேட்கும். விடிவதற்குள் அங்கே திருவிழாக் கூட்டம் கூடிவிடும். ஆகவே மறிச்சுச் சொல்வார்கள், பின்னாலிருந்து முன்னால். கொச்சிக் கடலில் ஒன்றாகப் போன காலத்தில் இந்த அண்ணனும் தம்பியும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். “என்ன ஓய், இன்னைக்குச் செபமாலை சொல்லுதியளா?” என்று மற்ற போட்டுக்காரர்கள் இடையில் புகுந்து கிண்டலடிப்பார்களாம்.

“உனக்க புக்கில கடலு இருக்குல்லா? எடு” என்றார்.

நிலப்பட நூலை விரித்தேன். நேராக வாசித்தால் நாற்பத்தைந்து, அறுபத்திரண்டு. என் விரல் போய் நின்றது கடலே இல்லாத ஒரு பாலைவனத்தில். மறிச்சு வாசித்தேன். இருபத்தாறு, ஐம்பத்துநாலு. விரல் அப்படியே இறங்கி வந்து வளைகுடா நடுவில், அத்தான் போன அதே கடலில் நின்றது. பக்கத்திலேயே, அக்கரை நாட்டுக்காரர்களின் தீவு ஒன்று கடுகளவு கறுத்திருந்தது.

அக்கா அந்தக் கடுகின்மேல் விரலை வைத்தாள். எல்லை தாண்டிப் போனவர்களைப் பிடித்து அங்கேதான் அடைப்பார்கள் என்று கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும்.

“ஜெயில்ல கிடக்காரு” என்றாள். “எப்படியோ சொல்லிவிட்டிருக்காரு.”

ஜெயிலில் கிடப்பவர் டெலிபோன் பெண்ணிடம் எப்படிச் சொல்லிவிட முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டிருக்க வேண்டியவன்தான். படித்தவன். ஆனால் விரல் கடலில் போய் நின்றதை என் கண்ணால் பார்த்தேனே. அந்த வருடங்களில் நான் எழுதிய ஆங்கிலம் முழுக்க மனுக்கள். ‘மிகுந்த பணிவுடன்’ என்பதை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதினேன். அக்கா ஆன்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் அலுவலகங்களின் வராந்தாக்களில் நிற்பாள். பங்குச் சாமியார், “ஒரு பூசையாவது வைக்கலாம், மகளே” என்று சொன்னபோது, “ஜீவனோட இருக்கியவருக்கு மரிச்ச பூசை வச்சா பாவமில்லியா பாதர்?” என்று திருப்பிக் கேட்டாள்.

அந்தத் தீவு ஜெயிலிலிருந்து அடுத்த ஊர்க்காரர்கள் சிலர் விடுதலையாகி வந்தார்கள். அக்கா அத்தானின் கல்யாணப் படத்தோடு போனாள். அதில் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “இப்படி ஒராளு அங்க இல்ல, அக்கா” என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா, “வேற ஜெயிலா இருக்கும்” என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை திருவனந்தபுரத்தில், ஒரு டெலிபோன் கம்பெனியின் புகார் கேட்கும் பிரிவில். நாள் முழுக்க மற்றவர்களின் கோபத்தைக் காதில் வாங்க வேண்டும். ஒருநாள் சாயா குடிக்கும்போது எங்கள் பொறியாளரிடம், யாருக்கோ நேர்ந்ததைப்போல அந்த எண்களைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். “அது எக்ஸ்சேஞ்சின்டெ நம்பராடா. போன் கால் எந்த இடத்துல வச்சு நின்னுன்னு எங்களைப் போல உள்ளவங்களுக்கு அறியணும்லே? அதுக்கு.” சாயாவைக் குடித்து முடித்தேன். அன்றைக்கு நாலைந்து பேர் என்னைத் திட்டினார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா அடுக்களையில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“அப்போ அந்தப் பெண்ணு நம்மகிட்டப் பேசல்லியா?”

“இல்லக்கா. அவங்க ஆளுகளுக்குச் சொல்லுகா.”

“போனு எங்க வச்சுச் செத்துன்னு அவங்களுக்குத் தெரியும். இல்லியா?”

“தெரியும்.”

“கொள்ளாம், நல்ல காரியம்” என்றாள். செதிலைக் கழுவி ஊற்றிவிட்டு வந்து, “போனுக்காவது ஆளுண்டு” என்றாள்.

மிக்கேல் அண்ணன் நம்பவில்லை. “படிச்சவன் சொன்னா எல்லாம் சரியாயிருமா? அண்ணைக்கும் நீதானே விரல வச்சுக் காட்டின?” என்றார்.

தெரிந்த பிறகும் அக்கா அழைப்பதை நிறுத்தவில்லை. அந்த நாலு எண்ணையும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் அந்தப் பெண் போய்விட்டாள். வேறொரு குரல், பளிச்சென்று, பின்னால் ஒரு சங்கீதத்தோடு, எண்ணம் கிடையாது. அக்கா அன்றே தலையில் முக்காடிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பங்குச் சாமியார் பேனாவை எடுத்து, மரித்த நாள் எது என்று கேட்டார்.

“இண்ணைக்குன்னு எழுதுங்க பாதர்” என்றாள்.

பூத்து இருந்த இடத்தில் இப்போது ஐஸ்கிரீம் விற்கிறார்கள். கடலிலும் மறிச்சுச் சொல்ல வேண்டிய தேவை இல்லை, ஆளாளுக்குக் கைபேசி. கரை கண்ணுக்குத் தெரிந்ததும் பெண்டாட்டிக்குக் குரல் பதிவு போட்டுவிடுகிறார்கள். ஆன்ஸியின் தோழிகள் தங்கள் அப்பாமார் அனுப்பியதை ஒருவருக்கொருவர் போட்டுக் காட்டுவார்களாம். போன கிறிஸ்துமஸுக்கு அவள் கேட்டாள்: “மாமா, எனக்க அப்பாவுக்கச் சத்தம் எப்படி இருக்கும்?”

கனத்த குரல் என்றேன். கனமொன்றும் இல்லை, மூக்கால் பேசுவார் என்றார் மிக்கேல் அண்ணன். “ஏட்டி, கேக்குதா?” என்று அக்கா அத்தானைப்போல ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், சரியாக வரவில்லை என்று தலையசைத்து எழுந்துபோனாள். அந்த அரபிப் பெண் எப்படிப் பேசினாள் என்று கேட்டிருந்தால் நாங்கள் மூன்று பேரும் அட்சரம் பிசகாமல் சொல்லியிருப்போம்.