மாதக் கடைசியில் வந்த கார்

கார் வாங்கலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் என் அக்காவின் முழங்கால் வலியிலிருந்துதான் தொடங்கியது. அக்கா சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குத் திரி செருகுகிற வேலை பார்த்தாள். விடியற்காலையில் கம்பெனி வேன் அவள் ஊருக்குள் வந்து நிற்கும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறி, ஒருத்தி மடியில் ஒருத்தி என்கிற மாதிரி நெருக்கி உட்கார்ந்து போவார்கள். அம்மா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்ததும், எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அக்காதான். அவளுக்கென்று பிள்ளைகள் இல்லை. அத்தான் காலமான பிறகும் ஊரைவிட்டு வர மறுத்துவிட்டாள்.

வேனில் ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்துவிட்டது என்று அவளே சொல்வாள். பஸ் படி ஏறுவது அதைவிடப் பாடு. அதனால் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போவது நின்றுபோயிருந்தது. "கார் வாங்குனா முத சவாரி ஒனக்குத்தான்க்கா. நேரா இருக்கன்குடிதான்" என்று நான் சொல்லி வைத்திருந்தேன். "வாங்கு, வாங்கு. நான் சாவுறதுக்குள்ள வாங்கிட்டேன்னா சரி" என்று சிரிப்பாள்.

நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மெஷின் பிரிவைக் கவனிக்கிறவன். என் மனைவியும் அங்கேயே பைண்டிங்கில் இருக்கிறாள். இரண்டு பேருமாக யோசித்து, விருதுநகர் பைபாஸில் உள்ள ஒரு ஷோரூமில் வெள்ளை நிறச் சின்னக் கார் ஒன்றுக்குச் சொல்லி வைத்தோம். அந்த மாடலுக்குக் கிராக்கி அதிகம், காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருக்க எங்களுக்கும் ஆட்சேபம் இல்லை. காலண்டர் சீசன் முடியட்டும் என்றிருந்தோம்.

ஆனால் ஒரு மாதக் கடைசியில் விற்பனைப் பையன் போன் செய்தான்.

"சார், ஒங்க அதிர்ஷ்டம். ஒருத்தர் கேன்சல் பண்ணிட்டாரு. நீங்க கேட்ட கலரே வந்துருச்சு. நாளைக்கே எடுத்துக்கிறீகளா? மாசம் முடியுறதுக்குள்ள டெலிவரி காட்டணும் சார்."

மனைவி பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, நல்ல நாள். சரி என்றோம்.

ஷோரூமில் அன்று கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். வரிசையாக நின்ற கார்களுக்கெல்லாம் மாலை போட்டிருந்தது. எங்கள் வண்டிக்கு இன்னும் சீட் கவர் மாட்டி முடிக்கவில்லை. முன்பக்கம் ஒரு ஆள் மல்லாந்து படுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, பாட்டுக் கேட்கிற ஸ்கிரீனுக்கும் பின்னால் பார்க்கிற கேமராவுக்கும் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். விற்பனைப் பையன் அவர் காலைத் தட்டித் தட்டி, "அண்ணே, பூசைக்கு ஆளு நிக்கிது, சீக்கிரம்ண்ணே" என்றான். அவர் வாயில் ஸ்குரு கவ்வியிருந்தார்.

பின்கதவை நான் சாத்தினேன். ஒரு பக்கம் ரப்பர் சரியாகப் படியாமல் துருத்திக்கொண்டிருந்தது. பையனிடம் காட்டினேன்.

"புது ரப்பர் சார். ஓட ஓடப் படிஞ்சிரும்" என்றான்.

சாவியைப் பெரிய அட்டை வடிவில் செய்து கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வண்டியை வெளியே எடுத்தேன். என் மனைவி முன்சீட்டில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. அதை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைக் கூட்டிக்கொள்ள அவள் ஊருக்குப் போனோம். சாமிக்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சள் சேலையைக் கட்டி, பை நிறைய மாவிளக்குச் சாமான்களோடு தெருமுனையிலேயே நின்றிருந்தாள். தெருப் பெண்கள் பார்க்கட்டும் என்றுதான் அங்கே வந்து நின்றிருப்பாள்.

"மதினி, நீங்க முன்னாடி உக்காருங்க" என்று என் மனைவி இறங்கி இடம் கொடுத்தாள்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு, ஏசி காற்றுக்கு நேராக உள்ளங்கையைக் காட்டினாள். "எம்புட்டுக் குளிரு. எங்க வேனு டிரைவரு இதப் பாத்தாருன்னா..." என்று சொல்லி முடிக்காமலேயே சிரித்தாள். வழியெல்லாம் பேச்சுதான். எந்த ஊரில் யாருக்கு யார் சம்பந்தம் என்று ஒவ்வொரு ஊர் பிரிகிற விலக்கிலும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அக்காவைப் பற்றி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால், அவள் முன்பு வேலை பார்த்த இடத்தில், பக்கத்து அறையில் வெடி விபத்து நடந்தது. கை கழுவக் குழாயடிக்குப் போயிருந்ததால் அக்கா பிழைத்தாள். அந்த அறையில் இருந்தவர்கள் அவளோடு ஒரே வேனில் வந்தவர்கள். அதைப்பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருந்தாள். பிறகு வேறு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். எல்லாம் ஆறிவிட்டது என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

சாத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ஸ்கிரீன் இரண்டு முறை மினுங்கி அணைந்தது. நான் அதைத் தட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. அக்காவின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியிலிருந்து மெல்லிசாகப் புகை இறங்கியது.

நான் வண்டியை ஓரம் கட்டிக்கொண்டிருந்தேன். முழுதாக நிற்கவில்லை. அதற்குள் அக்கா கதவைத் திறந்துவிட்டாள்.

"வெளிய வாங்க. எல்லாரும் வெளிய வாங்க. தள்ளி ஓடுங்க" என்று கத்திக்கொண்டே குதித்தாள். பஸ் படி ஏற முடியாத முழங்கால் அது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீமைக்கருவேலங்காட்டைப் பார்த்து ஓடினாள். சாலையோரப் பள்ளத்தில் கால் இடறி, வலது கையை ஊன்றி விழுந்தாள்.

நான் சாவியைத் திருப்பி அணைத்தேன். புகை அதோடு நின்றுவிட்டது. தீ எதுவும் பிடிக்கவில்லை. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்காவிடம் ஓடினேன். கை மணிக்கட்டில் திரும்பியிருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பக்கத்து ரூமுல இருந்தவுக வந்துட்டாகளா?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. என் மனைவிதான் சட்டென்று அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, தோளை அணைத்து, "வந்துட்டாக மதினி. எல்லாரும் வந்துட்டாக" என்றாள்.

வழியில் வந்த ஆட்டோவில் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். மாவிளக்குப் பை காரிலேயே கிடந்தது.

வண்டியை இழுத்துக்கொண்டுபோய் ஷோரூமில் விட்டபோது நான் சண்டை போடுகிற மனநிலையில்தான் இருந்தேன். சர்வீஸ் பிரிவின் மேலாளர் என் வயதுக்காரர். டேஷ்போர்டைக் கழற்றி என்னையே பார்க்கச் சொன்னார். ஸ்கிரீனுக்குப் போகிற ஒயர் ஒரு இரும்புத் தகட்டுக்கும் ஸ்குருவுக்கும் நடுவே மாட்டி நசுங்கி, கறுத்திருந்தது.

"இவ்வளவு வேகமா வண்டியச் செஞ்சு தள்ளுனா இப்பிடித்தான் வரும்" என்றேன்.

அவர் தலையசைத்தார். "இல்ல சார். தொழிற்சாலையில வேகம் இருக்கும், ஆனா ஒவ்வொரு எடத்துலயும் பாத்துத்தான் அடுத்த எடத்துக்கு விடுவாக. அங்கருந்து வரும்போது வண்டி நல்லாத்தான் வந்திருக்கு. இது இங்கன மாட்டுனது. மாட்டுன பெறகு ஓட்டிப் பாத்து, எல்லாத்தையும் சோதிச்சுத்தான் கைக்குக் குடுக்கணும். மாசக் கடைசியில அத்தன வண்டிக்கும் அதுக்கு நேரம் எங்க இருக்கு, சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, "அந்தம்மாவுக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வடிந்துவிட்டது. அவர் சொன்னது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. எங்கள் மெஷின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அச்சு சுத்தமாகத்தான் விழும். ஆனால் சீசனில் லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கும்போது, மை காய விடாமல் தாளை அடுக்கிவிடுவோம். ஒரு சாமி படத்தின் சிவப்பு அடுத்த தாளின் முதுகில் ஒட்டியிருக்கும். மெஷினின் வேகம் அதைச் செய்வதில்லை. காயவைக்க வேண்டிய அந்தப் பொழுதை நாங்கள் தின்றுவிடுவதுதான் செய்கிறது. அச்சகத்தில் அது போனால் ஒரு காலண்டர் போகும். இங்கே அக்காவின் கை போனது.

ஒயரை மாற்றிக் கொடுத்தார்கள். பின்கதவு ரப்பரையும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கார் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. நல்ல வண்டி என்றே எல்லோரிடமும் சொல்கிறேன், அது உண்மையும்கூட.

அக்காவின் கட்டைப் பிரித்த பிறகு விரல்கள் முன்போல மடங்கவில்லை. திரி செருகுவது விரல் நுனி வேலை. கம்பெனிக்குப் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாள். மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது வாசலுக்கு வந்து நின்று, ஏறுகிறவர்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போய்விடுகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்களோடு வந்து இருக்கக் கூப்பிட்டோம். வரவில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்காக ஒரு முறை காரோடு அவள் வாசலில் போய் நின்றேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். காரைத் தொட்டுப் பார்த்தாள். கதவை நான் திறந்துவிட்டதும் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"நீ ஓட்டுறதுல எனக்குப் பயமில்ல தம்பி" என்றாள். "கொஞ்சம் பழசாகட்டும். அப்பறம் ஏறிக்கிறேன்."

"பரவாயில்லக்கா" என்று காரை அங்கேயே பூட்டிவிட்டு, இருவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். படி ஏற அவளுக்குக் கை கொடுத்தேன். இடது கையைத்தான் நீட்டினாள்.

அந்த வெள்ளைக் காரில் இப்போது அங்கங்கே கீறல் விழுந்துவிட்டது. சீட் கவர் நிறம் மங்கிவிட்டது. "இன்னும் பழசாகலையாக்கா?" என்று போனில் ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன். அதற்கு அவள், நாங்கள் இருவரும் சாப்பிட்டோமா என்று கேட்டாள்.