மேல் ஸாவுக்குக் கீழே

இப்போதும் என்னால் நன்றாகச் சண்டை போட முடிகிறது. ராயப்பேட்டை மார்க்கெட்டில் தக்காளிக்காக நான் போடும் சத்தத்தைக் கேட்டவர்கள், இந்தப் பொம்பளைக்குத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் செய்வார்கள். ஸரிகமப வரைக்கும் ஏறிவிடுவேன். அதற்கு மேல் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது.

நான் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள். கல்யாண வரவேற்பு, காதுகுத்து, ஆடி மாதத்து அம்மன் திருவிழா என்று எங்கே மேடை போட்டாலும் போய் சினிமாப் பாட்டு பாடுவோம். குழு, கீபோர்டு வாசிக்கும் அண்ணனுடையது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அவரோடு பாடுகிறேன். போஸ்டரில் அவர் படத்துக்குப் பக்கத்தில் என் படம்தான் இருக்கும். அது இளவயதுப் படம் என்பது வேறு விஷயம்.

கழுத்தில் கட்டி வந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, கெட்ட கட்டி, உடனே எடுத்தாக வேண்டும் என்றார்கள். அறுவை செய்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. குரலை ஏற்றுகிற நரம்பு நூல் மாதிரி அந்த வழியாகத்தான் போகிறது, தொடாமல் எடுக்கப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது, பேச்சுக்கு ஒன்றும் ஆகாது என்றார். நான் பாடகி என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். பிழைத்து வந்ததும் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பால் போடுகிறவர் எல்லோரும் உயிர் மிஞ்சியதே பெரிசு என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். சரியான பேச்சைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

சங்கீதம் படித்தவர்கள் ஸ்தாயி என்பதை நாங்கள் மேடையில் ஆக்டேவ் என்போம். ஏழு சுரங்களைத் தாண்டினால் எட்டாவதாக வருவது மறுபடியும் ஸாதான். கிளம்பின வீட்டுக்கே மாடி வழியாக வந்து சேர்ந்த மாதிரி. குழுவில் சேர்ந்த புதிதில் அண்ணன் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, கீழ் ஸாவையும் மேல் ஸாவையும் சேர்த்து அழுத்தி, எத்தனை சத்தம் கேட்கிறது என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்கு அதை நான் ஒரு அழகான விஷயமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டெழுதுகிறவர்களுக்கும் இந்த ரகசியம் தெரியும். ஒரே வரியை முதலில் கீழே பாட வைத்து, பிறகு அதையே மேலே பாட வைப்பார்கள். சொல் மாறாது, பொருள் மாறிவிடும். அண்ணன் சொந்தமாக எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று எங்களிடம் உண்டு. எல்லா நிகழ்ச்சியையும் அதில்தான் முடிப்போம். அதில் 'இரு' என்று ஒரு சொல் வரும். கீழே பாடினால், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறவரிடம் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போ என்று சொல்கிற மாதிரி இருக்கும். மேலே பாடினால் அந்த ஆள் தெருமுனை தாண்டிப் போயாச்சு, இனி வரப்போவதில்லை. அந்த மேல் 'இரு'வில் நான் நின்றால், முன்வரிசையில் யாராவது முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அது ஒன்றுதான் நான் சம்பாதித்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணன் என்னைக் கைவிடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் மொத்தப் பாட்டும் இறங்கிவிடும். எனக்காகச் சுருதிக் கட்டையை இறக்கினார். என்னோடு டூயட் பாடுகிறவர், கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது என்று முனகினார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்போதுதான் அண்ணன் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்.

அவள் நந்தனத்தில் கல்லூரியில் படிக்கிறாள். குடும்பம் ஆற்றோரக் குடிசையில் இருந்தது, அதை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்கு வீடுகளில் போட்டுவிட்டார்கள். பஸ் மாறி மாறி வந்து பாடிவிட்டுப் போகிறாள். குரல் மேலே நிற்கும், ஆனால் மெலிசு. அண்ணன் என்னிடம் தயங்கித்தான் சொன்னார்.

"அது மேல பாடட்டும், நீ அதையே கீழ பாடும்மா. ஒரே கொரலாத்தான் கேக்கும். யாருக்கும் இன்னா தெரியப் போவுது?"

அப்படியே கேட்டது. என்னுடைய கனமும் அவளுடைய உயரமும் சேர்ந்து, நான் இளவயதில்கூட அப்படிப் பாடியதில்லை என்று தோன்றியது. ஸ்பீக்கரில் வருகிற குரலைக் கேட்டு எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. என் தொண்டை திரும்பி வந்துவிட்ட மாதிரி ராத்திரியெல்லாம் நிம்மதியாகத் தூங்கினேன். அவள்மேல் பொறாமைகூட வரவில்லை. தன் கையைத் தானே பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா?

இந்த ஆடியில் ராயப்பேட்டையில் ஒரு சந்துக்கோயில் திருவிழா. கூழ் ஊற்றிய அண்டாக்களை ஓரமாகக் கவிழ்த்துவிட்டு, சந்தின் வாயை அடைத்து மேடை போட்டிருந்தார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் எனக்கு இருமல் வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வருகிற இருமல்தான். முகத்தைத் திருப்புவதற்குள் மைக்கிலேயே இருமிவிட்டேன். ஊரே கேட்டிருக்கும் என்று கூனிக் குறுகி நின்றேன். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. பாட்டு மட்டும் முழுசாக, கனமாக ஓடிக்கொண்டிருந்தது.

இடைவேளையில் இறங்கிப்போய் சவுண்டு சிஸ்டத்துத் தம்பியிடம் கேட்டேன். அவன் பட்டன்களைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஆடி பொறந்ததுல இருந்தே உங்க மைக் கட்லதான்க்கா கீது. ரெண்டும் ஒண்ணாத்தான கேக்குது, அந்தப் பொண்ணுதுலயே கொஞ்சம் கனம் ஏத்திக்கடான்னு அண்ணன் சொல்லிச்சு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. அதுதான் என்னைக் கொன்றது. அவர்கள் என்னை நிறுத்தியதைவிட, நின்றுபோனது எனக்கே தெரியவில்லை என்பது. இத்தனை நாளும் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டு, என் குரல் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணனிடம் போய் நின்றேன். கத்தலாம் என்றுதான் போனேன், அதற்கு என்னிடம் குரல் இருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். சுற்றி வளைக்கவில்லை.

"போஸ்டர்ல உன் படம் இருந்தாத்தாம்மா கூப்புடுறாங்க. நீ நில்லு, போதும்."

மேடையேறி நின்றேன். கடைசியாக அந்தப் பாட்டு. முதல் தடவை 'இரு' மேலே போகும்போது நான் வாயை மூடிக்கொண்டேன். பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு. கூட்டத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அந்தப் பெண் மட்டும் பாடிக்கொண்டே சட்டென்று என் பக்கம் பார்த்தாள். அவள் சுருதி ஒரு நொடி ஆடியது. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது, வெளியே சொல்லக் கூசுகிற சந்தோஷம்.

இரண்டாவது தடவை நான் கீழே பாடினேன். செத்த மைக்கின் முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரம் வரைக்கும்தான் கேட்டிருக்கும். அவள் குரல் ஆடாமல் நின்றது.

வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கும் மைக் விஷயம் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க கீழ பாடிக்கினு இருந்தாத்தான்க்கா எனக்கு மேல பிடி கெடைக்குது" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் நிறுத்தியபோது அவள் விழுந்துவிடவும் இல்லை. கொஞ்சம் ஆடினாள், பிறகு தானாகவே பிடித்துக்கொண்டாள். மேடையில் பழுத்தவள் நான், எனக்கு அது தெரியாமல் போகுமா. பஸ் போய்விடும், கிளம்பு என்று அவளை அனுப்பிவைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் ஒரு வரவேற்பு. போவேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்பேன், கீழே பாடவும் செய்வேன். அவள் ஒருத்திக்காவது கேட்கும். இன்னும் கொஞ்ச நாளில் அவளுக்கும் தேவைப்படாது.