செல்வி சத்தமாகப் பாடிய வாரம்

உத்திரமேரூரில் நாங்கள் ஒன்பதாம் வகுப்பு படித்த ஓட்டுக் கட்டடத்தில், கூரைமேல் அடைமழை இரைந்துகொண்டிருக்கும்போதும் செல்வியின் சிரிப்பு கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்கும். அவளுக்கு ‘லவுட்ஸ்பீக்கர்’ என்று பெயர். ஆசிரியர் கேள்வி கேட்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் எனக்கு ‘ஊமைக்கோட்டான்’. திருப்புலிவனத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். வழியெல்லாம் அவள் பேசுவாள், நான் கேட்பேன்.

அந்த ஐப்பசியில் நடவுக்குப் போன அவள் அம்மா வரப்பில் வழுக்கி விழுந்து, கால் ஒடிந்து படுத்துவிட்டார். செல்வியோ முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தாள், மேசையைத் தட்டிப் பாடினாள், எல்லோரும் அவளைத் தைரியசாலி என்று மெச்சினார்கள். மதியத்தில் அவள் டப்பா திறக்கப்படாமலே பைக்குள் போவதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் கேட்டுவிட்டேன்.

“ஏண்டி சாப்டல?”

“பசிக்கலடி. இன்னா அப்பிடி பாக்கற?” என்றவள், சட்டென்று என் தோளில் சாய்ந்து குலுங்கினாள். நாளை முதல் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம் அவள் நைனா. “யார்கிட்டயும் சொல்லாத. நான் அழுவறேன்னா ஒருத்தரும் நம்பக்கூட மாட்டாங்க.”

தலையாட்டினேன். ஆனால் கடைசி மணி அடித்ததும் வகுப்பு டீச்சரைத் தேடி ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றேன்.

“டீச்சர், செல்வி நாளைலருந்து வரமாட்டா.”

“இன்னாம்மா சொல்ற? இப்பதானே பாடிக்கினு இருந்தா?”

“அழுவ முடியாமதான் டீச்சர் பாடறா.”

அன்று மாலையே டீச்சர் அவள் வீட்டுக்குப் போனார். நீண்ட பேச்சுக்குப் பிறகு, வாலாஜாபாத்திலிருந்து அத்தை வந்து இரண்டு மாதம் அம்மாவைக் கவனித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சொன்னதை மீறியதற்காகச் செல்வி என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் பஸ்ஸில் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. பேசாதவர்களுக்குப் பெயர் வைத்து அழைத்த வழக்கமும் குறைந்துவிட்டது. பிள்ளைகளின் மனத்தைக் கேட்டறிய அதே பள்ளிக்கு ஆலோசகர் ஒருவர் வந்துபோகிறார். செவிலியராக இருக்கும் செல்வி போன வாரம் பணி முடிந்து போன் செய்தாள்.

“இன்னிக்கு மனசு சரியில்லடி. சிரிச்சிப் பேச முடியல.”

“சிரிக்க வேணாம். நான் பேசறேன், நீ கேளு” என்றேன்.

அரை மணி நேரம் பேசினேன்.