முட்டை தின்னாத இன்ஸ்பெக்டர்

சனிக்கிழமை காலை பாளையங்கோட்டை மார்க்கெட்டே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. காரணம், ஒரே ஒரு முட்டை. ஓடியவர்களுக்கு நடுவில் நான் மட்டும் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்... ஏன் என்கிறீர்களா?

இந்தப் பக்கத்தை வாரந்தோறும் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் தச்சநல்லூர்க்காரன், பரம்பரைச் சைவன், சர்க்கார் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவன். முட்டையைக் கையால் தொட்டதில்லை. அப்படிப்பட்டவன் இன்று மார்க்கெட்டுக்கு முட்டை இன்ஸ்பெக்டர்!

போன மாதம் ஒரு பள்ளிக்கூட போர்டிங்கில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. முட்டைதான் காரணம் என்று மானேஜர் மார்க்கெட் முட்டையை நிறுத்திவிட்டார். ஆர்டர் வெளியூர் காண்ட்ராக்டர் ஒருவருக்குப் போக இருந்தது. இங்கே கோழி வளர்த்து முட்டை விற்கிற பெண்களுக்கு அந்த ஆர்டரில்தான் அடுப்பு எரிகிறது. விடுவார்களா?

அவர்களில் ஞானம்மாள் என்று ஒருவர். வாயும் உண்டு, தைரியமும் உண்டு. "கெட்டதைப் பாத்துக் கழிக்க நாமளே ஒரு ஆளை வச்சுக்கிடுவோம். பெட்டிக்கு ஒரு முட்டை பீஸு" என்று எல்லாரையும் சம்மதிக்க வைத்துவிட்டார். பீஸாக வரும் முட்டைகளை ரொட்டிக் கடைக்கு விற்று இன்ஸ்பெக்டருக்குச் சம்பளம். பேஷான யோசனை! ஆனால் ஆள் யார்?

நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, முட்டை திங்கிற ஆளை வச்சா நல்ல முட்டையெல்லாம் அவரு வயித்துக்குள்ள போயிரும். நீங்க திங்க மாட்டிய. அதான் ஒங்கள கேக்கோம்."

"நல்ல முட்டை எது, கூமுட்டை எதுன்னே எனக்குத் தெரியாதே அம்மா!"

"அத நாங்க சொல்லித் தாரோம். ஒங்களுக்கு உள்ளதச் சொல்லத் தெரியும்லா? அது போதும்."

உள்ளேயிருந்து என் வீட்டம்மாளின் குரல் வந்தது: "ஆத்துல முங்காம வீட்டுப் படி ஏறக்கூடாது, சொல்லிட்டேன்." அதுதான் அவள் கொடுத்த சம்மதம்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. தண்ணீரில் போட்டால் நல்லது அடியில் படுக்கும், கெட்டது மிதக்கும். சந்தேகம் என்றால் ஓலைக் குழலில் வைத்து வெயிலுக்கு நேரே பார்க்க வேண்டும். சர்க்கார் கச்சேரியில் நான் பார்த்த எந்த வேலையும் இத்தனை வெளிச்சமாக இருந்ததில்லை.

சனிக்கிழமை பரீட்சை. எங்கள் முட்டையைச் சோதித்து முடிவு சொல்ல மானேஜர் வந்தார். கூடவே காண்ட்ராக்டரும்.

"ஐயா, இவருக்குச் சம்பளமே இந்தப் பொம்பளைய குடுக்கதுதான். அவுக முட்டையவே கெட்டதுன்னு சொல்லுவாராக்கும்?" என்றார் காண்ட்ராக்டர். மானேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. நியாயமான கேள்விதானே?

முதல் பெட்டி ஞானம்மாளுடையது. முட்டைகள் ஒவ்வொன்றாய்ப் பானையின் அடியில் போய்ப் படுத்தன. திடீரென்று ஒன்று... மிதந்தது!

பெண்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். சொன்னால் ஆர்டர் போய்விடுமோ? ஆனாலும் மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "கூமுட்டை!"

"நாடகம் ஐயா! வேணும்னே ஒரு நல்ல முட்டையக் கழிச்சுக் காட்டுதாவ" என்றார் காண்ட்ராக்டர்.

ஞானம்மாள் அந்த முட்டையை எடுத்துக் காண்ட்ராக்டரின் காலடியில் 'டப்'பென்று போட்டு உடைத்தார்.

அப்பப்பா... என்ன நாற்றம்! மார்க்கெட் ஓடியது. காண்ட்ராக்டர் செருப்பை விட்டுவிட்டே ஓடினார்.

"அடைக்கோழி பாதியில எந்திரிச்சிட்டு. அந்த முட்டை கலந்துட்டு போல" என்றார் ஞானம்மாள் சாவகாசமாக. "பீஸு குடுக்கது இதுக்குத்தானே அண்ணாச்சி?"

மானேஜர் கைக்குட்டைக்குள்ளிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "திங்கட்கிழமையிலிருந்து முட்டை இங்கிருந்துதான் வரணும்!" பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது — நாற்றத்தால் மட்டும் அல்ல.

காசு கொடுப்பவரின் குறையைச் சொல்ல முடியுமா என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். ஏன் முடியாது? கையில் நல்ல சரக்கு வைத்திருப்பவர்தான் காசு கொடுத்துச் சோதிக்கச் சொல்வார். தலையாட்டுகிற ஆள் அவருக்கு எதற்கு?

எங்கள் தெருவில் இப்போது எனக்கு 'முட்டை அண்ணாச்சி' என்று பெயர். வைத்துக்கொள்ளட்டும், ஜெயித்தவனுக்கு எந்தப் பெயரும் இனிக்கும். முட்டையின் ருசியை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்... எனக்கு நாற்றம்தான் தெரியும்!