ஒரு பேசன் மட்டி

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த எங்களுக்குப் புத்தளத்து உப்புநீர்க் களப்புதான் சோறு போட்டது. தண்ணீர் வற்றும் நேரத்தில் நானும் என் மூத்த சகோதரி ராத்தாவும் முழங்கால் தண்ணீரில் நின்று, காலால் சேற்றைத் தடவி மட்டிச் சிப்பி பொறுக்குவோம். வடக்குப் பக்கச் சேறு இறால் பண்ணைக் கழிவுத் தண்ணீரால் எப்போதோ கெட்டுப்போனது. அங்கே கால் வைத்தால் அழுகிய முட்டை நாற்றம்தான் வரும். மிஞ்சியிருந்தது இறங்குதுறையை ஒட்டிய ஆழமில்லாத சேற்றுத் திட்டு மட்டுமே.

யுத்தம் முடிந்ததும் பெரிய படகுகள் வர வழியை ஆழமாக்க வேண்டும் என்றார்கள். பெக்கோ என்ற தோண்டும் இயந்திரம் நேரே எங்கள் திட்டில் இறங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரையில் நிற்கிறவர்களுக்கு அது வெறும் சேறு. வேலையை மேற்பார்த்துக்கொண்டு நின்றவரிடம் போனேன்.

"தம்பி, இதுக்குள்ள மட்டிக் குஞ்சு கிடக்கு. கொஞ்சம் அங்கால தோண்டினா என்ன?"

"மண்ணு வேணுமெண்டு கேட்டதே உங்கட ராத்தாதானே. முதல் லொறி மண்ணு அவங்கட வீட்டு வளவுக்குத்தான் போச்சு."

நம்பாமல் ராத்தா வீட்டுக்கு ஓடினேன். அது பள்ளக் காணி. மாரி மழை வந்தால் அடுப்படிக்குள் தண்ணீர் ஏறும், பிள்ளைகள் கட்டிலிலேயே இருந்து சாப்பிடுவார்கள். முற்றத்தில் கறுப்புச் சேறு குவிந்து கிடந்தது. ராத்தா அதன் பக்கத்தில் குந்தியிருந்து, நகமளவு மட்டிகளை வாயகன்ற பிளாஸ்டிக் பேசனில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வளவை உசத்த மண்ணு சும்மா தாறம் எண்டாங்க. எங்கேருந்து எண்டு நான் கேக்கல்ல," என்றார், தலை நிமிராமல். "இன்னும் உயிரோடதான் கிடக்கு. வா, கொண்டு போய் விடுவம்."

திட்ட நினைத்து வந்தவள், பேசனின் மறு பக்கத்தைப் பிடித்தேன்.

நாங்கள் துறைக்கு வந்தபோது பெக்கோ சற்றுத் தள்ளி நகர்ந்திருந்தது. நாங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் ராத்தா காலை வைத்தார். பெக்கோ தோண்டிய குழியில் கழுத்துவரை அமிழ்ந்துபோனார். பேசனைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டு, பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன்.

நனைந்த உடுப்போடு கொஞ்ச நேரம் இருமினார். பிறகு பேசனைப் பார்த்தார்.

"வடக்குப் பக்கம் கொண்டு போவமா?"

"அங்க விட்டா இண்டைக்கே செத்துப்போகும் ராத்தா."

"பின்ன எங்கதான் விடுற?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பெரிய களப்பில், ஒரு பேசன் மட்டிக்கு இடம் சொல்ல என்னால் முடியவில்லை.