வேண்டுதல் என்று சொன்னேன்

டெல்லியில் பாராளுமன்றத்தைத் தாக்கிய செய்தி ரேடியோவில் வந்தபோது நானும் அவரும் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆந்திராவில் புத்தூர்ப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளி அது. அவர் கணக்கு வாத்தியார், நான் சமூக அறிவியல். இரண்டு மாதம் முன்புதான் ஆசிரியர் மாநாட்டுக்கு இருவரும் டெல்லி போய் வந்திருந்தோம். அந்தக் கட்டடத்தின் எதிரே அவரை நிறுத்திப் படம் எடுத்தவன் நான். பிறகு என்னை அவர் எடுத்தார். தன் படத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். என்னுடையது வீட்டு அலமாரியில் இருந்தது.

அந்த வாரமே ஒரு கான்ஸ்டபிள் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள்.

"சார், ஒங்க ஸ்கூல்ல ஒரு சாய்பு பார்லிமென்ட்டாண்ட போட்டோ புட்சிக்கினு வந்துக்கிறாராமே?"

"ஆமா, டேபிள்ல வெச்சிருக்காரு."

"கூட யார்னா போனாங்களா?"

"தெர்ல."

வீட்டுக்குப் போய் என் படத்தை அடுப்பில் போட்டேன்.

மறுநாள் கணக்கு வாத்தியாரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் நடந்து போகும் தூரம்தான். போய், டெல்லிக்கு நானும் கூடப் போயிருந்தேன், படம் எடுத்தது நான் என்று சொல்லியிருக்கலாம். நான் திருப்பதி பஸ் ஏறினேன். மலைமேல் முடி கொடுத்தேன். பாதி, செய்த பாவத்துக்காக. மீதி, மொட்டையும் நாமமுமாக இருப்பவனை எந்தப் போலீசும் கூப்பிடாது என்பதற்காக.

மூன்றாம் நாள் அவரை விட்டுவிட்டார்கள். நான் மலைக்குப் போனால் அவர் வீட்டுக்கு ஒரு லட்டு என்பது எங்கள் பழக்கம். அன்றும் எடுத்துப் போனேன். அவர் உதடு வீங்கியிருந்தது.

"இன்னா சார், திடீர்னு மொட்ட?"

"வேண்டுதல்."

"எனக்கோசரமா?"

"ஆமா."

பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம், "சார் நமக்கோசரம் முடி குட்த்துட்டு வந்துக்கிறாரு, டீ போடு" என்றார். லட்டை இரண்டு கையாலும் வாங்கினார். உடைத்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். தின்றேன்.

அந்த வருடமே மாற்றல் கேட்டு வாங்கிக் குப்பம் போய்விட்டார். எனக்குக் கடிதம் எழுதவில்லை. வீடு மாறுவதுதான் காரணம் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன்.

போன வருடம் அவர் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவர் மனைவி நிதானமாகத்தான் பேசினார்.

"கூடப் போனது யார்னுதான் சார் அடிச்சாங்க. தனியாதான் போனேன், போட்டோ ரோட்ல போறவன் எட்த்தான்னு சொல்லிட்டாரு. போலீஸ்காரராண்ட நீங்க இன்னா சொன்னீங்கன்னு ஸ்டேஷன்லயே அவர்க்குத் தெரிஞ்சிபோச்சி. வூட்டுக்கு வந்தா நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தாரு. அதுக்குத்தான் மொட்ட எனக்கோசரமான்னு கேட்டாரு. நீங்க ஆமான்னீங்க."

டீ போடட்டுமா என்று அந்த அம்மாள் கேட்கவில்லை.