தொடையில் விரிந்த விரல்

என் சித்தப்பா ஒரு மனிதரை மேடையிலேயே தீர்த்துக்கட்டப் போகிறார் என்ற செய்தி எனக்குக் கடல் தாண்டி வந்தது. மைத்துனன் போனில் சொன்னான். அவனுக்கு அவனுடைய பல் டாக்டர் சொன்னாராம். "விஷம்னு பேசிக்கறாங்க. ட்ரம்பெட்ல வாய் வைக்கிற இடத்துல தடவப் போறாராம்." ஒரு மாதம் கழித்து எடுக்க வேண்டிய லீவை உடனே எடுத்துக்கொண்டு பறந்து வந்தேன். வந்து பார்த்தால் விஷம் இல்லை. விரல்.

சித்தப்பா நகரத்து ஆர்கெஸ்ட்ராவில் பதினோரு வருடம் இரண்டாம் ட்ரம்பெட். தாளில் எழுதியதை எழுதியபடி வாசிக்கிற மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம். அதில் ட்ரம்பெட்காரருக்கு ஊதுவதைவிடச் சும்மா இருப்பதுதான் பெரிய வேலை. வயலின்கள் உருகி வழியும்போது ஐம்பத்திரண்டு பார் வாயை மூடிக்கொண்டு எண்ண வேண்டும். நான்கு தட்டு ஒரு பார். எண்ணிக்கை நழுவாமலிருக்க அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பத்துப் பார் முடிந்ததும் முதல் ட்ரம்பெட் வாசிக்கிற முதல் நாற்காலிக்காரர் தொடையில் ஒரு விரலை விரிப்பார், இருபதுக்கு இரண்டு. ஐந்தும் விரிந்தால் ஐம்பது. இன்னும் இரண்டு எண்ணிவிட்டு இருவரும் ஊத வேண்டியதுதான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கச்சேரியில் சித்தப்பாவின் மனக்கணக்கு நாற்பத்தொன்பது என்றது. பக்கத்துத் தொடை ஐம்பது என்றது. பதினோரு வருடம் பொய் சொல்லாத தொடை. சித்தப்பா தன்னை நம்பாமல் அதை நம்பினார்.

அரங்கமே மூச்சடக்கி இருந்த இடத்தில் அவர் ஒருவர் மட்டும் ஊதினார். ஒரு பார் முன்னால். முதல் நாற்காலிக்காரர் ட்ரம்பெட்டை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. பின் வரிசையில் யாரோ சிரிக்க, சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. முதல் நாற்காலியைச் சித்தப்பாவுக்கு மாற்றலாமா என்று குச்சி பிடித்து ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் யோசித்துக்கொண்டிருந்த வாரம் அது. அடுத்த ஆண்டுக்குச் சித்தப்பாவைக் கூப்பிடவில்லை. "அவசரக்குடுக்கை" என்ற பட்டப்பெயர்தான் மிச்சம்.

பிறகு டயர் கடைக்கு மேலே ஒரு அறை. இரண்டு மடக்கு நாற்காலி, உதட்டைப் பார்க்க ஒரு கண்ணாடி, ட்ரம்பெட்டிலிருந்து சொட்டும் நீருக்கு ஒரு கந்தல் துணி. கீழே காற்றடிக்கிற மெஷின் உறுமினால் பாடம் நிற்கும். புதிதாக வருபவர்கள் முதல் மாதம் ஊதவே கூடாது. உட்கார்ந்து மௌனத்தை எண்ண வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து சித்தப்பா தப்புத் தப்பாக விரல் விரிப்பார். ஏமாந்தால், "பார்த்தியா, அடுத்தவன் தொடையை நம்பின!" என்பார். கண்டிப்பான வாத்தியார் என்று ஊர் மெச்சியது. அது கண்டிப்பு அல்ல, வன்மம் என்று சித்திக்கு மட்டும் தெரியும்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒன்பது பேர் வெவ்வேறு ஆர்கெஸ்ட்ராக்களில் சேர்ந்தார்கள். ஒன்பதாவது மாணவி சித்தப்பாவின் பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள், அதே மனிதரின் பக்கத்தில். போன மாதம் வந்து சொன்னாள்: "சார், அவருக்கு இப்ப எண்ணிக்கை நிக்க மாட்டேங்குது. நான்தான் விரல் வைக்கிறேன். அவர் அதைப் பார்த்துத்தான் ஊதறார்."

சித்தப்பா அன்று இரண்டு முறை குளித்தாராம். சித்தி சொன்னாள்.

அந்த மனிதர் ஓய்வு பெறும் கச்சேரி இன்று. கடைசி உருப்படியாக அவரே கேட்டு வாங்கியது அதே ஐம்பத்திரண்டு பார். ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு.

"ஒரு பார் முன்னால விரி. உன் ட்ரம்பெட்டை மடியிலேயே வெச்சுக்கோ," என்று சித்தப்பா அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள், "இடைவேளையில போன் பண்றேன் சார். வேணாம்னா எடுத்துச் சொல்லுங்க. எடுக்கலைன்னா செஞ்சுடறேன்," என்றாளாம்.

மாலை ஏழு மணி. டயர் கடை மேல்மாடியில் நாங்கள் மூவர், ஒரு ரேடியோ.

"இருபத்திரண்டு வருஷம் அடைகாத்தா குஞ்சா பொரிக்கும்? கூமுட்டைதான்," என்றாள் சித்தி.

"நாத்தம் அவன் மூக்குக்குப் போனா போதும்," என்றார் சித்தப்பா.

"அந்தப் பொண்ணு கண்டிப்பா மாட்டிக்கும் சித்தப்பா," என்றேன். "வேலை போயிடும்."

"என்னுது போகலையா? இதோ உக்காந்திருக்கேன்ல?"

"உக்காந்திருக்கிற லட்சணம்தான் தெரியுதே," என்றாள் சித்தி. "அவனுக்குக் கைதட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, வயசாயிடுச்சுன்னு. அந்தப் பொண்ணுக்குத்தான் உங்க பட்டப்பேரு ஒட்டும். இல்ல, துரோகின்னு அவனோட பேரு ஒட்டும். எது தேவலை, சொல்லுங்க?"

சித்தப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். ரேடியோவில் கைதட்டல் ஓய்ந்து, இடைவேளை என்று ஒரு குரல் அறிவித்தது.

போன் அடித்தது.

சித்தி கை நீட்டினாள். சித்தப்பா முந்திக்கொண்டு போன்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பிடுங்க முடியாது, எடுக்கவும் இல்லை. மறு கை தொடைமேல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் ஊதப் போவதுபோல் இறுகின. போன் நான்கு முறை அடித்தால் ஒரு விரல் என்று தொடையில் விரித்துக்கொண்டிருந்தார்.

"எடுங்கன்னா!" என்றாள் சித்தி.

மூன்றாவது விரல் விரிந்தது. போன் அவர் கைக்கடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது.